மக்கர் செய்யும் டிஜிட்டல் கேமரா: வாசகர் கேள்வி–பதில்

பீரோவில் பத்துப் பதினைந்து வருடமாகத் தூங்கிய சின்ன டிஜிட்டல் கேமராக்களை வீட்டுப் பிள்ளைகள் மறுபடி கையில் எடுக்கிறார்கள். அதனால்தான் இந்த முறை வந்த கடிதங்களில் 'ஆன் ஆகவில்லை', 'லென்ஸ் உள்ளே போகவில்லை' என்ற இரண்டு புகார்களும் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமரா (டி.எஸ்.எல்.ஆர்.) வைத்திருப்பவர்களும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

கீழே சொல்லும் சோதனைகளுக்கு ஒரு மல்டிமீட்டர், பென்சில் அழிக்கும் ரப்பர், இயர் பட்ஸ், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில், ரப்பர் பல்ப் வைத்த ப்ளோயர், ஒரு டார்ச் ஆகியவை போதும். ஸ்க்ரூ டிரைவர் இந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது. வேலையில் இறங்குமுன் அதைப் படித்துவிடுங்கள்.

அப்பா 2010-இல் வாங்கிய கேமரா. லித்தியம் பேட்டரியைச் சார்ஜரில் போட்டால் விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறது. கேமராவில் போட்டால் ஒரு சலனமும் இல்லை. போனது பேட்டரியா, கேமராவா?
— வாசகி, கும்பகோணம்

பேட்டரியைச் சந்தேகிப்பதுதான் நியாயம். முதலில் அதைத் தட்டையான மேசைமேல் வைத்து விரலால் சுழற்றுங்கள். பம்பரம்போலச் சுலபமாகச் சுழன்றால் வயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது, அழுத்தக் கூடாது, கேமராவுக்குள் திணிக்கவும் கூடாது. முனைகளில் செல்லோடேப் ஒட்டி மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போட வேண்டாம்.

உப்பல் இல்லை என்றால் மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, பிளஸ், மைனஸ் முனைகளைத் தொடுங்கள். மேலே 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று அச்சிட்ட பேட்டரி, முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் வரை காட்டும். 7.2 அல்லது 7.4 என்று அச்சிட்டது 8.4 வரை காட்டும். ஒற்றைச் செல் பேட்டரியில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, மீட்டர் பூஜ்யம் காட்டினாலோ, பல வருடம் சும்மா கிடந்ததில் செல் வற்றி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிட்டது. வேறொரு பேட்டரியை ஒயர் வைத்து இணைத்து 'உயிர் கொடுக்கலாம்' என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த அளவுக்கு வற்றிய செல்லுக்குள் தாமிரம் கரைந்து, மறுபடி சார்ஜ் ஏறும்போது உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் சார்ஜர் சிமிட்டினால், நடுவில் இருக்கும் மூன்றாவது முனையைக் கவனியுங்கள். அது வெப்பத்தைச் சார்ஜருக்குச் சொல்லும் தெர்மிஸ்டருக்கு உரியது. அந்த முனையில் அழுக்குப் படிந்தாலும் சார்ஜர் 'ஏதோ கோளாறு' என்று முடிவு கட்டிவிடும். பேட்டரி, சார்ஜர் இரண்டின் முனைகளையும் ரப்பரால் நாலைந்து முறை தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். முனைமேல் இருக்கும் மெல்லிய பூச்சையே அது உரித்துவிடும்.

புது பேட்டரி வாங்கும்போது கேமராவின் பெயரைவிட பேட்டரிமேல் அச்சிட்ட மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 'கம்பெனி ஒரிஜினல், பழைய ஸ்டாக்' என்று ஆசைகாட்டினால் யோசியுங்கள். லித்தியம் செல் அலமாரியில் இருந்தாலும் மூப்படையும். பத்து வருடம் கிடந்த ஒரிஜினலைவிட இப்போது தயாரான நல்ல மாற்று பேட்டரி மேல்.

பேட்டரி சரியாக இருந்தும் ஆன் ஆகவில்லையா? பேட்டரி மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன பிளாஸ்டிக் முளை இருக்கும். மூடும்போது அது கேமராவின் ஓரத்தில் ஒரு துளைக்குள் போய்க் குட்டி சுவிட்சை அழுத்தும். முளை உடைந்திருந்தால் கேமராவுக்கு மூடி திறந்தே இருப்பதாகத்தான் தெரியும், ஆன் ஆகாது. பல்குத்தும் குச்சியால் அந்தச் சுவிட்சை அழுத்திக்கொண்டு ஆன் செய்து பாருங்கள். உயிர் வந்துவிட்டால் மூடிக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டை ஒட்டினாலே வேலை முடிந்தது. மெமரி கார்டைக் கழற்றிவிட்டும் ஒரு முறை ஆன் செய்யுங்கள். உள்ளே ஷார்ட் ஆன கார்டு மொத்தக் கேமராவையும் முடக்கிப்போடும்.

பென்சில் பேட்டரி இரண்டு போடும் கேமரா. புதிதாக வாங்கிப் போட்டாலும் நாலு படம் எடுத்ததும் 'பேட்டரி லோ' என்கிறது.
— வாசகர், சிவகாசி

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரணத் துத்தநாக–கார்பன் செல்லைப் போட்டிருப்பீர்கள். கடிகாரம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். கேமராவோ லென்ஸ் நகரும்போதும் ஃபிளாஷ் நிரம்பும்போதும் ஒரே மடக்கில் இழுக்கும். அந்த இழுப்பில் செல்லின் வோல்டேஜ் சட்டென்று சரிய, கேமரா காலி என்று நினைத்துக்கொள்கிறது. அல்கலைன் செல் கொஞ்சம் தாங்கும், அதுவும் நீண்ட நேரத்துக்கு இல்லை.

இதற்குத் தோதானது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், கொள்ளளவு 2000 முதல் 2500 எம்.ஏ.எச். வரை. அதன் வோல்டேஜ் 1.5 இல்லை, 1.2 மட்டும்தான். ஆனாலும் பளு ஏறும்போது அந்த 1.2 கீழே இறங்காமல் நிற்பதால் கேமராவுக்கு அதுதான் பிடிக்கும். கேமரா மெனுவில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அங்கேயும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துபோகும். புதுசும் பழசும் கலந்து போடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே பயன்படுத்துங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் மூடியின் உள்பக்கத் தகட்டைப் பாருங்கள். இரண்டு செல்லையும் இணைப்பது அதுதான். தாழ்ப்பாள் தேய்ந்து மூடி இலேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் தகடு சரியாக ஒட்டாது. மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி படமெடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பேட்டரி அறைக்குள் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. ஸ்ப்ரிங் பச்சை நிறமாகிவிட்டது.
— வாசகர், தாராபுரம்

அல்கலைன் செல் ஒழுகியிருக்கிறது. ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாகிறது. கையுறை போட்டுக்கொண்டு, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, பழைய பல்துலக்கியால் பொடியை வெளியே தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், கண்ணில் தெறிக்கும். பிறகு பட்ஸின் நுனியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டு, சொட்டாத அளவு பிழிந்து, முனைகளைத் துடையுங்கள். மெல்லக் குமிழிகள் எழுந்து அடங்கும். அடுத்து வெறும் தண்ணீர் தொட்ட பட்ஸ், கடைசியில் ஆல்கஹால் தொட்ட பட்ஸ். ஒரு நாள் மூடியைத் திறந்தே வையுங்கள். பச்சை தேய்த்தும் போகாமல் உலோகம் குழிவிழுந்திருந்தால் ஸ்ப்ரிங்கை மாற்றத்தான் வேண்டும்.

லென்ஸ் வெளியே வந்து நின்றுவிட்டது. 'லென்ஸ் எர்ரர்' என்று காட்டிவிட்டு மூன்று முறை பீப் அடித்து அணைந்துவிடுகிறது. போன மாதம் கடற்கரைக்குக் கொண்டுபோனோம்.
— வாசகி, நாகப்பட்டினம்

சின்னக் கேமராக்களுக்கு அதிகம் வரும் நோய் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அந்த லென்ஸ் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு, மூன்று குழாய்களால் ஆனது. குழாயின் பக்கத்தில் சின்ன முளைகள் உண்டு. அவை சாய்வான காடிகளில் வழுக்கி ஓடுவதால்தான் குழாய் முன்னும் பின்னும் நகர்கிறது. ஒரு குட்டி மோட்டாரும் நாலைந்து பிளாஸ்டிக் பல்சக்கரங்களும் அதை ஓட்டுகின்றன. குழாய் எல்லைக்கு வந்து சேர்ந்ததா என்று ஓர் உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் வந்து சேரவில்லை என்றால், பற்கள் முறியாமல் இருக்கக் கேமராவே மோட்டாரை நிறுத்தி எர்ரர் காட்டும். ஆகவே அந்த அறிவிப்புக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: தள்ளாடும் பேட்டரி, குழாய் இடுக்கில் மணல், காடியிலிருந்து வழுவிய முளை. இதே வரிசையில்தான் சோதிக்க வேண்டும்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். மோட்டார்தான் அதிகம் இழுப்பது, பாதிச் சார்ஜில் அது திணறும். கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். டி.வி.யில் படம் பார்க்கக் கொடுத்த ஏ.வி. கேபிள் இருந்தால் அதைச் செருகிக்கொண்டு ஆன் செய்வதும் பல மாடல்களில் பலன் தரும். பின்பக்கத் திரை அணைந்துவிடுவதால் மிச்சப்படும் மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது.

உங்கள் விஷயத்தில் மணலுக்குத்தான் வாய்ப்பு அதிகம். பேட்டரியைக் கழற்றுங்கள். லென்ஸைத் தரையைப் பார்த்துப் பிடித்து, குழாய்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் ப்ளோயரால் சுற்றிச் சுற்றி ஊதுங்கள். சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இடுக்கில் அரை சென்டிமீட்டர் மட்டும் நுழைத்து, வட்டமாக இழுத்து வாருங்கள். 'கரகர' என்று தட்டும் இடத்தில் மணல் இருக்கிறது. அங்கே மறுபடி ஊதி, கேமராவின் பக்கவாட்டை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். அவசரம் வேண்டாம், கால் மணி நேரமாவது செய்தால்தான் மணல் உதிரும். பிறகு பேட்டரியைப் போட்டு, லென்ஸ் கீழே பார்த்தபடியே ஆன் செய்யுங்கள். உதிரும் மணல் வெளியே விழட்டும்.

எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது. அது மணலைக் களிம்பாக்கி இன்னும் இறுக்கும். போதாததற்கு ஷட்டர் இதழ்களுக்கும் கண்ணாடிக்கும் பரவி, சரிசெய்ய வாய்ப்பிருந்த கேமராவையும் முடித்துவிடும்.

கீழே விழுந்த கேமரா என்றால் குழாயைப் பக்கவாட்டில் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா? ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் முளை காடியைவிட்டு இறங்கியிருக்கிறது. தூக்கலான பக்கத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் நேராக, மெல்ல அழுத்துங்கள். 'டிக்' என்ற சிறு சத்தத்தோடு உட்கார்ந்துவிடலாம். கண்ணாடியின் நடுவில் அழுத்தக் கூடாது, குழாயைத் திருகவும் கூடாது.

சத்தமும் ஒரு சாட்சி. ஆன் செய்ததும் மோட்டார் இயங்க முயன்று 'டக் டக்' என்று தடுக்கினால் இன்னும் நம்பிக்கை உண்டு. மோட்டார் 'விர்ர்' என்று தாராளமாகச் சுற்றியும் குழாய் நகரவில்லை என்றால் பல்சக்கரம் உடைந்துவிட்டது. லென்ஸ் யூனிட்டை முழுதாக மாற்றினால்தான் ஆகும். அந்தச் செலவில் அதே மாடல் பழைய கேமரா ஒன்றே கிடைத்துவிடும் என்பதால், பாசம் இருந்தாலொழிய நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சரியான பிறகு, கைப்பையில் பவர் பொத்தான் தானாக அழுந்தாத உறையில் வையுங்கள். இடமில்லாத பைக்குள் லென்ஸ் வெளியே வர முட்டுவதால் வழுவும் முளைகள் ஏராளம்.

திரை கருப்பாக இருக்கிறது. ஆனால் மெனு, பழைய படங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. எங்கள் மற்றொரு கேமராவில் படம் ஊதா நிறமாக, நெளிந்து விழுகிறது. இரண்டும் 2004 வாக்கில் வாங்கியவை.
— வாசகர், திருநெல்வேலி

மெனுவும் பழைய படமும் தெரிந்தால் திரைக்குக் குறை இல்லை. முதல் கேமராவில், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி ஷட்டர் பொத்தானை அழுத்துங்கள். சின்னக் கேமராவில் திரையில் காட்சி ஓட ஷட்டர் திறந்தே இருக்க வேண்டும், படமெடுக்கும் கணத்தில் மட்டும் மூடித் திறக்கும். நடுவில் எப்போதும் கருப்பு இதழ் மூடியே இருந்தால் ஷட்டர் மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டது. பக்கவாட்டில் உள்ளங்கையால் சில தட்டு தட்டி, தொடர்ந்து பத்துப் பதினைந்து படம் எடுத்தால் சில சமயம் விடுபடும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. அறைக்குள் எடுத்த படம் நன்றாக இருக்க, வெயிலில் எடுத்தது மட்டும் வெளிறி, கோடு கோடாக விழுந்தால் ஷட்டர் திறந்த நிலையில் ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது கேமராவின் ஊதா நெளிவு, ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் நோய். 2002 அக்டோபர் முதல் 2004 மார்ச் வரை தயாரான சோனியின் சி.சி.டி. வகைச் சென்சார்கள் சிலவற்றில், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி இணைப்புகள் விட்டுப்போகும் குறை இருந்தது. அதே சென்சாரைக் கேனான், நிக்கான், ஃபுஜி, ஒலிம்பஸ் போன்ற பிற கம்பெனிகளும் பயன்படுத்தியிருந்தன. 2005 அக்டோபரில் அவையெல்லாம் வரிசையாக அறிவிப்பு வெளியிட்டு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. இத்தனை வருடம் கழித்து அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது, வீட்டிலும் செய்ய ஒன்றுமில்லை. சென்சாரை மாற்றினால்தான் உண்டு.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். திரையில் விளக்கையோ சூரியனையோ காட்டும்போது மட்டும் மேலிருந்து கீழாக ஒரு ஊதாக் கோடு விழுந்து, எடுத்த படத்தில் அது இல்லாமல் போனால் அது கோளாறே இல்லை. சி.சி.டி. சென்சாரின் இயல்பு அது.

திரை முழுக்கவே இருட்டு, மெனுவும் தெரியவில்லை என்பவர்கள், முதலில் 'டிஸ்ப்' என்று எழுதிய பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். பல மாடல்களில் அது திரையை அணைத்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் இருட்டறையில் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது.

2005 மாடல் கேமராவில் 32 ஜி.பி. கார்டு போட்டால் 'கார்டு எர்ரர்'. கடைக்காரர் கார்டு நல்லதுதான் என்கிறார்.
— வாசகர், ஈரோடு

கடைக்காரர் சொல்வது சரி. பழைய எஸ்.டி. கார்டு 2 ஜி.பி.யோடு முடிந்தது. 4 முதல் 32 ஜி.பி. வரை உள்ளது எஸ்.டி.எச்.சி., 2006-இல் வந்த தரம். அதற்கும் மேற்பட்டது எஸ்.டி.எக்ஸ்.சி., 2009-இல் வந்தது. வடிவம் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே துளைக்குள் போகும், ஆனால் பழைய கேமராவுக்குப் புதிய கார்டைப் படிக்கத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது 2 ஜி.பி. அல்லது அதற்கும் குறைந்த சாதாரண எஸ்.டி. கார்டு. சில மிகப் பழைய மாடல்கள் 1 ஜி.பி.க்கு மேல் ஏற்காது, கையேட்டைப் பாருங்கள். வாங்கியதும் கணினியில் இல்லாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

'கார்டு லாக்' என்று வந்தால் கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைப் பாருங்கள். அது கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. எந்த நிலையில் இருக்கிறது என்று கேமராவின் துளை தடவிப் பார்க்கிறது, அவ்வளவே. தாழ்ப்பாள் உடைந்து விழுந்திருந்தால் அந்தக் காடிமேல் மெல்லிய செல்லோடேப் துண்டை ஒட்டினால் கார்டு திறந்துவிடும். அப்படிப்பட்ட கார்டில் இருக்கும் படங்களைக் காப்பி எடுத்துவிட்டு ஒதுக்கிவிடுங்கள். டேப் உள்ளே பிய்ந்து மாட்டிக்கொண்டால் வேலை பெரிதாகும்.

கார்டில் படம் இருந்தும் கேமரா 'படம் இல்லை' என்கிறதா? கணினியில் பெயர் மாற்றியிருப்பீர்கள். டி.சி.ஐ.எம். ஃபோல்டருக்குள் தான் வைத்த பெயரும் எண்ணும் இருந்தால்தான் கேமரா அடையாளம் காணும். படம் பத்திரமாகவே இருக்கிறது.

காதுகுத்து விழாப் படங்களைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுத்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. சாதாரண ஃபார்மேட் படங்களை அழிப்பதில்லை, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் துடைக்கிறது. கார்டை உடனே வெளியே எடுங்கள், தாழ்ப்பாளைப் பூட்டு நிலைக்குத் தள்ளுங்கள். கேபிள் வேண்டாம், கார்டு ரீடர் வழியாகக் கணினியில் போடுங்கள். 'ஃபார்மேட் செய்யவா?' என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். கார்டைத் தேர்ந்தெடுத்து, மீட்ட படங்களைச் சேமிக்கும் இடமாகக் கணினியின் வட்டைக் காட்டுங்கள். அதே கார்டைக் காட்டினால் மீட்கும் படமே மீட்காத படத்தின்மேல் எழுதிவிடும். பழைய பெயர்கள் வராது, எண்களாக வரும். முன்பு எப்போதோ அழித்த படங்களும் சேர்ந்து வரும், அதனால் பயப்பட வேண்டாம். 'லோ லெவல் ஃபார்மேட்' என்ற கட்டத்தில் டிக் போட்டு ஃபார்மேட் செய்திருந்தால் மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள்.

டி.எஸ்.எல்.ஆர். கேமரா. வானத்தைப் படமெடுத்தால் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள். லென்ஸை எவ்வளவு துடைத்தும் போகவில்லை.
— வாசகர், கோத்தகிரி

லென்ஸ் கண்ணாடியில் இருக்கும் தூசி புள்ளியாக விழாது. உங்கள் புள்ளி சென்சார்மேல் இருக்கிறது. உறுதிசெய்ய, ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை) எஃப் 22 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை எடுங்கள். கை ஆடினாலும் பரவாயில்லை. அதே சுவரை எஃப் 4-இல் எடுத்தால் புள்ளி கரைந்து மறையும். துளை சிறுக்கும்போதுதான் தூசியின் நிழல் கூர்மையாக விழுகிறது.

படத்தில் மேலே இருக்கும் புள்ளி, கேமராவை முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். இடம், வலம் மாறாது. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, மெனுவில் சென்சாரைச் சுத்தம் செய்ய மிர்ரரைத் தூக்கி நிறுத்தும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் சார்ஜ் தீர்ந்தால் மிர்ரரும் ஷட்டரும் உங்கள் கருவிமேல் அடித்து இறங்கும். கேமராவின் வாயைத் தரையைப் பார்த்துப் பிடித்து, ப்ளோயர் முனை உள்ளே நுழையாமல் பத்து முறை அழுத்தி ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறித்துக் கறையாகும். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று அதைவிட மோசம், உள்ளிருக்கும் திரவம் சென்சார்மேல் பீய்ச்சிவிடும்.

ஊதியும் போகாதது ஒட்டிய கறை. சென்சாரின் உயரத்துக்கு ஏற்ற ஸ்வாப் (துடைக்கும் பட்டை), அதாவது ஏ.பி.எஸ்.-சி. என்ற சிறிய சென்சாருக்கு 16 மில்லிமீட்டர், ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாருக்கு 24 மில்லிமீட்டர், அதற்கென்று விற்கும் திரவம் இரண்டு சொட்டு. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு. ஒரு ஸ்வாப்பை இரண்டாம் முறை பயன்படுத்தாதீர்கள். இயர் பட்ஸ், கண்ணாடி துடைக்கும் துணி இரண்டும் இந்த இடத்துக்கு ஆகாது.

ஃபிளாஷ் போட்டு எடுத்தால் படத்தின் ஓரத்தில் கருப்புப் பட்டை. ஷட்டர் போய்விட்டதா?
— வாசகர், பட்டுக்கோட்டை

ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் பட்டை இல்லையென்றால் ஷட்டர் நன்றாகவே இருக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/200 நொடிக்கு மேல் வைத்திருக்கிறீர்கள். அந்த வேகத்துக்கு மேல் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும், சென்சார் முழுதாகத் திறந்திருக்கும் கணமே கிடையாது. கம்பெனி ஃபிளாஷ் என்றால் கேமராவே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஒற்றை முனை கொண்ட விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷுக்கு அந்தப் பேச்சுவார்த்தை தெரியாது. 1/160-இல் வையுங்கள். ஃபிளாஷ் இல்லாமலும் பட்டை விழுந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் போங்கள்.

வியூஃபைண்டரில் எல்லாம் மங்கல். படம் மட்டும் தெளிவாக விழுகிறது.
— வாசகர், பழனி

கேமரா நலம். கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், யாரோ திருகிவிட்டிருக்கிறார்கள். உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை திருப்புங்கள்.

ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் தேதியும் நேரமும் கேட்கிறது.
— வாசகி, மேட்டூர்

கடிகாரத்துக்கென்று உள்ளே ஒரு குட்டிச் செல் இருக்கிறது. சில மாடல்களில் பேட்டரி அறைக்குப் பக்கத்தில் பொத்தான் செல்லாக இழுத்து மாற்றும்படி இருக்கும். மற்றவற்றில் அது போர்டிலேயே பற்றவைத்தது, பிரதான பேட்டரியிலிருந்து தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். முழுச் சார்ஜ் பேட்டரியைப் போட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். அதன் பிறகும் தேதி நிற்காவிட்டால் அந்தச் செல் காலம் முடிந்தது. படம் எடுக்க அது தடையில்லை.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி இருக்கிறது. வெயிலில் வைத்தால் போகும் என்கிறார்கள்.
— வாசகர், சென்னை

பூஞ்சை. வெயிலில் வைத்தால் பூஞ்சை ஒருவேளை சாகும், வலை அப்படியேதான் இருக்கும். கேமரா சூடேறி உள்ளே இருக்கும் பசையும் மசகும் இளகுவதுதான் மிச்சம். முதலில் அது வெளிக் கண்ணாடியிலா உள்ளேயா என்று பாருங்கள். வெளியே என்றால் லென்ஸ் திரவமும் லென்ஸ் தாளும் போதும். உள்ளே என்றால் லென்ஸைப் பிரித்துத்தான் துடைக்க முடியும். அது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. நாள்பட்ட பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருக்கும், அந்தத் தழும்பு துடைத்தாலும் போகாது. ஆனால் ஓரத்தில் இரண்டு இழை இருப்பதால் படம் கெடுவதில்லை. வெளிச்சத்தை எதிர்கொண்டு எடுக்கும்போது மட்டும் படம் பால் கலந்தாற்போல வெளிறும்.

கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் வெகுநாள் 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. பூஞ்சைக்கு அதுவே விருந்து. கேமராவுக்கு 40 முதல் 50 சதவீதம் நல்லது. காற்றுப் புகாத ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, நூறு கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று போதும். ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி போடலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் காய வைக்காதீர்கள். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

நானே திறந்து பார்க்கலாமா? கம்ப்யூட்டர், மிக்சி எல்லாம் பிரித்துப் பழக்கம் உண்டு.
— வாசகர், திருப்பூர்

ஃபிளாஷ் உள்ள கேமராவை வேண்டாம். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது வெகுநேரம் நிற்கும். சின்னக் கேமராக்களில் அதன் முனைகள் மூடியைத் திறந்ததும் விரல் படும் இடத்திலேயே இருக்கின்றன. மிக்சியில் பிளக்கைப் பிடுங்கினால் முடிந்தது, இங்கே அப்படி இல்லை. மின்சாரத்துக்குத் தப்பினாலும், தாள்போல மடங்கும் ரிப்பன் கேபிள்களின் பூட்டு ஒன்று உடைந்தால் கேமரா மறுபடி சேராது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: திரையில் வந்த எர்ரரின் சரியான எழுத்துகள், எத்தனை முறை பீப் அடித்தது, மீட்டரில் பேட்டரி காட்டிய வோல்டேஜ், மெனு தெரிகிறதா, பழைய படம் தெரிகிறதா, கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா. தண்ணீர் பட்டதென்றால் நல்ல தண்ணீரா, கடல் தண்ணீரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடல் தண்ணீர் என்றால் ஆன் செய்து பார்க்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றி, அரிசியில் புதைத்து நாள் கடத்தாமல், அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.